ஜாதகம் இல்லாத படம்

ஜூன் 9, திங்கள்

காதுகுத்துப் படங்களைக் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றவே காலை முழுதும் போய்விட்டது. நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். கேமராவின் உள் பேட்டரி தீர்ந்துபோய், எல்லாப் படமும் ஏதோ ஒரு பழைய வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதி எடுத்ததாகக் காட்டியது. மாமன் மடியில் குழந்தை அலறுகிற படம் மொட்டை போடுவதற்கு முன்னால் போய் நின்றுகொண்டது. என் வீட்டுக்காரர் இருந்தால் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் தேதியை நகர்த்திவிடுவார். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எப்போது, எந்தக் கேமராவில், எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரம் இருக்கும். அவர் அதைப் படத்தோட ஜாதகம் என்பார். கஸ்டமர் பெயர், ஆல்பம் நம்பர் எல்லாவற்றையும் அந்த விவரப் பட்டியலில் கமென்ட்ஸ் என்ற கட்டத்தில்தான் நாங்கள் எழுதி வைப்போம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. திறந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். இந்த அறந்தாங்கியில் அப்படி எழுதி வைக்கிற ஸ்டுடியோ எங்களுடையது ஒன்றுதான் என்று அவருக்குப் பெருமை.

அவர் பாங்காக் போய் இன்றோடு இருபது நாள். போட்டோ எடிட்டர் வேலை. என் கூடப்பிறந்த கதிரேசண்ணன் பார்த்துக் கொடுத்தது. சாயந்தரமானால் ஒரு படம், ஒரு வாய்ஸ்: "நல்லா இருக்கேன் கொடி, சாப்பிட்டேன், இனியாவ படிக்கச் சொல்லு." போன் போட்டால் எடுப்பதில்லை. டிரெய்னிங்கில் போன் பேச விடமாட்டார்கள் என்று அண்ணன் சொன்னான்.

டெஸ்க்டாப்பில் கிடந்த 'பாங்காக் ஆபீஸ்' ஃபோல்டரைத் தூக்கிப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். ஆறே படம்தான். இருந்தாலும் இடத்தை அடைக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இன்று படம் வரவில்லை. வாய்ஸும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

வந்துவிட்டது. ஆனால் படமாக வரவில்லை, டாக்குமென்டாக வந்தது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஜாதகம் அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே வரும். கல்யாண வீட்டுக்காரர்களிடம் இதை அவரே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். கை தவறி அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன்.

இனியா அப்பாவைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றாள். கம்ப்யூட்டரில் திறந்தேன். தட்டில் சோறு, பக்கத்தில் ஒரு வாழைப்பழம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா ஏன் வாய மூடிக்கிட்டே சிரிக்கிறாரு?"

எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? வாயில் சோறு இருக்கும் என்றேன்.

அவளை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு விவரங்களைத் திறந்தேன். இடம் என்ற கட்டத்தில் எண்கள் இருந்தன. வரைபடத்தில் போட்டேன். ஊரே இல்லை. பச்சைக் காடு, நடுவில் வளைந்து ஓடுகிற ஒரு ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாய்லாந்து, அந்தப் பக்கம் மியான்மர். புள்ளி அந்தப் பக்கம் இருந்தது.

போன் சில நேரம் இடத்தைத் தப்பாகக் காட்டும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். முன்னாலும் ஒரு தரம் இப்படிப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் பெரிதுபடுத்தினால் வாழ முடியாது.

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இன்றும் டாக்குமென்ட். ஒரு ஜன்னல், அதில் கம்பி, கம்பிக்கு வெளியே ஒரு மரம். கமென்ட்ஸ் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்:

கொடி பாத்தியா

அவ்வளவுதான். கடையில் ஒரு அம்மா ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்க உட்கார்ந்திருந்தது. "என்னம்மா, மொகமெல்லாம் வேர்த்துப் போச்சு?" என்று அதுதான் என்னைக் கேட்டது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வாட்ஸ்அப்பில், "படம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது" என்று மட்டும் பதில் போட்டேன். என்னவோ, அதற்கு மேல் எழுதக் கூடாது என்று தோன்றியது.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு பூந்தொட்டியின் படம். உள்ளே இருந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ ஏதாவது ஆகிவிட்டால் இங்கேயாவது இருக்கட்டும்.

"இது பாங்காக் இல்ல. ஏர்போர்ட்லேருந்து எட்டு மணி நேரம் வேன்ல, அப்புறம் படகுல ஆத்தத் தாண்டிக் கொண்டாந்தாங்க. பாஸ்போர்ட்ட வாங்கிட்டாங்க. சுத்தி சுவரு, துப்பாக்கி. என் வேலை என்னன்னா, யாரோ பொண்ணுங்களோட படத்த எடுத்து அதுல இடத்தையும் தேதியையும் மாத்தணும். அத வச்சு அந்தப் பொண்ணுங்க மாதிரியே பேசி இவங்க வெளிநாட்டு ஆளுங்கள ஏமாத்திப் பணம் பறிக்கிறாங்க. முடியாதுன்னா அடி. கரண்டும் வைப்பாங்க. நான் அனுப்புற ஒவ்வொரு மெசேஜையும் தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் படிக்கிறான். வாய்ஸ் அவன் முன்னாடிதான் பேசணும். படத்த மேலோட்டமாப் பாப்பான், உள்ள பாக்கத் தெரியாது. நீயும் இப்படியே எழுது. யார்கிட்டயும் சொல்லிடாத. முக்கியமா"

அதோடு நின்றுவிட்டது. யாரோ பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

முக்கியமா யாரிடம்? வேறு யார், போலீஸைத்தான் சொல்லியிருப்பார்.

ஜூன் 19, வியாழன்

இனியா சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் படத்தின் கமென்ட்ஸில், "புரிந்தது, நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்று எழுதி டாக்குமென்டாக அனுப்பினேன். அதை எழுதும்போது கடை ஷட்டரை ஏனோ பாதி இறக்கி வைத்தேன். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவன் எட்டிப் பார்க்கப் போகிறானா?

ஒரு மணி நேரத்தில் பதில். சுவரில் ஊர்கிற பல்லியின் படம். உள்ளே: "சிவப்புத் தகரக் கூரை, மூணு மாடி, பக்கத்துல தண்ணி டேங்க். தமிழ் ஆளுங்க என்னோட சேத்து ஒன்பது பேரு. தெனம் ரெண்டு பேரோட பேரு அனுப்புறேன், எழுதி வை."

ஜூன் 22, ஞாயிறு

இதுவரை வந்த பெயர்கள்: அருளப்பன், மணப்பாறை. நைனா முகமது, கோட்டைப்பட்டினம். வீரபாண்டி, திருச்சுழி. ஸ்டாலின் ஜெபராஜ், நாசரேத். தியாகு, கம்பம். பூவரசன், ஆம்பூர்.

தினமும் அம்மன் கோயிலுக்குப் போகிறவள் நான். மூன்று நாளாகப் போகவில்லை. போனை விட்டு நகர முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்

கதிரேசண்ணன் பலாச்சுளை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். இனியாவைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனும் இளைத்துத்தான் போயிருக்கிறான். போன வருஷம் வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்துவிட்டு பிப்ரவரியில் வந்ததிலிருந்தே ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அவன் பெண்டாட்டி சொல்கிறாள்.

"மாப்ள எப்படி இருக்காரு?"

அந்த ஒரு கேள்விக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் அதிர்ச்சியாகி நாற்காலியிலிருந்து எழுவான் என்று எதிர்பார்த்தேன். எழவில்லை. "எந்தப் படத்துல? காட்டு" என்றான்.

காட்டினேன். பூந்தொட்டிப் படத்தில் உள்ளதை இரண்டு தரம் படித்தான். "இப்படியெல்லாம் எழுதலாமா? வெளிய தெரியாதா?"

"தெரியாதுண்ணே. தெறந்து பாத்தாத்தான்."

"எடமும் காட்டுமா? எந்தப் படமா இருந்தாலும்?"

"டாக்குமென்டா வந்தா, இல்ல போன்லேருந்து நேரா ஏத்துனா காட்டும்."

பிறகு என் தலையில் கை வைத்து, "நான் பாத்துக்கறேன். போலீஸு கீலீஸுன்னு போயிடாத கொடி. அவருக்குத்தான் ஆபத்து" என்றான்.

சொன்ன பிறகு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பலாச்சுளையை யாரும் தொடவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

படம் வந்தது. டாக்குமென்டாக இல்லை, சாதாரணப் படமாக. உள்ளே ஒன்றும் இல்லை.

ஜூன் 25, புதன்

அதே மாதிரி.

ஜூன் 28, சனி

மூன்று நாளாக எதுவும் வரவில்லை. இனியாவின் படத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. யார் பார்த்தார்கள்?

வளைகாப்பு ஆர்டர் ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலை பத்தே காலுக்கு டாக்குமென்ட் வந்தது. சந்தோஷத்தில் உடனே திறந்தேன்.

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இடது கண் மூடிக் கிடக்கிறது. அடித்து வீங்கின வீக்கம். கன்னம் வரை கறுத்திருக்கிறது. சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சிரித்திருக்கிறார். முன்பல் ஒன்று பாதியில் உடைந்திருக்கிறது.

விவரங்களைத் திறந்தேன். தேதி இல்லை. கேமரா பெயர் இல்லை. இடம் இல்லை. எல்லாவற்றையும் துடைத்திருந்தார்கள். கமென்ட்ஸ் கட்டத்தில் மட்டும் ஒரு வரி, அழகான தமிழ் எழுத்தில்:

'வேலையில் கவனமாக இருங்கள் அக்கா.'

இது என்னிடம் பேசுகிறது. இத்தனை நாள் அவர் மட்டும் எழுதின இடத்தில் வேறு ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான். நான் எந்தக் கடையில் இருக்கிறேன், என் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று, நான் அனுப்பிய படங்களின் ஜாதகத்தைத் திறந்தால் அவனுக்கும் தெரியும். சைக்கிள் படம் வீட்டு வாசலில் எடுத்தது.

இனியாவை மதியமே பள்ளிக்கூடத்தில் போய் அழைத்து வந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

செண்பகம் அண்ணி வந்தது. என் வீட்டுக்காரருடைய அக்கா, தாலுகா ஆபீஸில் வேலை. எப்போதும் என்னை ஒரு மாதிரி பார்க்கும். ஆரம்பத்திலிருந்தே அதற்கு இந்தப் பயணம் பிடிக்கவில்லை. தம்பியின் வாய்ஸ் ஒரு வாரமாக வரவில்லை என்று கேட்க வந்தது. கண் வீங்கின படத்தைக் காட்டி, அவர் உள்ளே எழுதி அனுப்பியதையெல்லாம் சொன்னேன். அழவில்லை.

"அவன் எழுதி அனுப்புறது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத்தான்."

"வேற?"

போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தேன்.

"பொற்கொடி, வேற யாருகிட்ட சொன்ன?"

"அண்ணன்கிட்ட."

அண்ணி ஒன்றும் திட்டவில்லை. "உங்க அண்ணன் பாங்காக் ஆபீஸுன்னு சொல்லி ஏதோ படமெல்லாம் காட்டுனானே, அது இருக்கா?" என்றது.

பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். ஆறு படம். கண்ணாடி வைத்த ஆபீஸ், கட்டில் போட்ட அறை, சாப்பாட்டுக்கூடம், வாசல், இரண்டு தெரு. அண்ணனுடைய போனில் எடுத்தவை. மே பதினொன்றாம் தேதி நான்தான் அவன் போனுக்குக் கேபிள் போட்டு ஏற்றினேன். ஜாதகத்தைத் திறந்தேன். போன டிசம்பர். இடத்தை வரைபடத்தில் போட்டேன். அதே ஆறு, அதே வளைவு, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"அப்பவே அங்கதான் இருந்திருக்கான். தெரிஞ்சேதான் அனுப்பியிருக்கான்" என்றது அண்ணி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "இத நீ எப்ப பாத்த?"

"இப்பத்தான் அண்ணி, உங்களோட."

கேட்டது. பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

ஜூலை 4, வெள்ளி

இன்று புதுக்கோட்டையில் போலீஸ் ஆபீஸுக்குப் போனோம். எஸ்தர் என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அம்மா. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, நான் கொண்டுபோன பென் டிரைவைப் பார்த்து முதலில் கேட்டது, "ஒரிஜினலா, ஃபார்வர்டா?" ஒரிஜினல் என்றதும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு படமாகத் திறக்கச் சொன்னார். பெயர்களை எழுதிக்கொண்டார். ஆம்பூர்ப் பையனுடைய அப்பா ஏற்கெனவே ஒரு புகார் கொடுத்திருக்கிறாராம்.

பிறகு அந்த ஆறு படம். "இது பாங்காக் இல்லைன்னு மொத மொத உங்களுக்கு எப்பத் தெரியும்? தேதி போடணும்மா. கோர்ட்டுக்குப் போகும்."

தண்ணீர் கேட்டேன். குடித்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"மே பதினொண்ணு" என்றேன்.

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸில் வரும்போதும் வேறு ஸீட்டில் உட்கார்ந்துகொண்டது.

இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் படங்களை ஏற்றியதும் பழக்கத்தில் ஜாதகத்தைத் திறந்தேன். கஸ்டமர் பெயர் எழுதுகிற பழக்கம்தான், வேறு எதற்கும் இல்லை. இடம் காட்டில் இருந்தது. பார்த்தேன். போன் தப்பாகக் காட்டுகிறது என்று மூடினேன். ஆறு படமும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டுமா என்று ஒரு தரம் தோன்றியது. அதையும் மூடினேன்.

ஏன் என்று எஸ்தர் அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அப்போது நான்கு மாதமாகக் கடைக்கு ஒரு கல்யாண ஆர்டர் வரவில்லை. அவர் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பத்து வருஷத்துக்கு முன் எடுத்த கல்யாணங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருப்பார். நான் காபி கொண்டுபோய் வைத்தால் தலை நிமிராமல், "இந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க" என்பார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. எங்கேயாவது போய் மனுஷனாக நடமாடட்டும் என்று இருந்தது. அவர் தயங்கியபோது, "பயமா இருந்தா நான் வேணா போறேன், நீங்க வீட்டப் பாத்துக்கங்க" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மறுநாள் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார்.

ஜூலை 7, திங்கள்

பதினொரு மணிக்கு அண்ணன் கடைக்கு வந்தான். வெயில் கொளுத்துகிறது, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. உள்ளே வந்து ஷட்டரை இறக்கினான்.

"அன்னிக்கு என் போன்லேருந்து ஏத்துனியே, அந்தப் படமெல்லாம் எங்க?"

"எதுக்குண்ணே?"

"டெலீட் பண்ணு. என் கண்ணு முன்னாடி பண்ணு."

அவன் கையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும், அண்ணன் என்னை அடிப்பான் என்று முதல் தடவையாகத் தோன்றியது. கதவுப் பக்கம் போக வழியில்லாமல் நடுவில் நின்றான். ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். ஆறு படத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னான். செய்தேன். நகல் எஸ்தர் அம்மாவிடம் இருக்கிறது என்பதை முகத்தில் காட்டிவிடுவேனோ என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அவன் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒம்பது மாசம் நானும் அங்க கெடந்தேன் கொடி. என்ன பண்ணுனாங்கன்னு உனக்குத் தெரியாது. நாலு ஆள அனுப்புறேன்னு எழுதிக் கொடுத்தாத்தான் விடுவேன்னான். மூணு பேர அனுப்பிட்டேன். நாலாவது ஆளு கெடைக்கல. எம்புள்ளைய ஸ்கூல் வாசல்ல படம் எடுத்து எனக்கு அனுப்புனான்."

"அதுக்கு எம்புருஷனா?"

"அவரு போட்டோ வேலை தெரிஞ்சவரு. அடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் சொன்னத அவங்ககிட்ட சொன்னியா?"

ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போய்விட்டான். பிறகு எஸ்தர் அம்மாவுக்குப் போன் செய்து, அண்ணன் எந்தப் பக்கம் போகிறான் என்று சொன்னேன்.

நான்தான் சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

அண்ணனைத் திருச்சி பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிட்டார்கள். என் அம்மா போனில் மண்ணை வாரித் தூற்றினாள். என்னைத்தான்.

ஜூலை 20, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஜூலை 31, வியாழன்

தூதரகத்துக்கு எல்லா விவரமும் போய்விட்டது என்றார் எஸ்தர் அம்மா. தண்ணீர் டேங்க் பக்கம் சிவப்புக் கூரை, விண்ணிலிருந்து எடுத்த படத்தில் அப்படியே இருக்கிறதாம். "உங்க வீட்டுக்காரரு அனுப்புன இடம் இம்மி பிசகல" என்றார். பிசகாமல் இருந்து என்ன? அங்கே ஆள் இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

இனியா படுக்கையை நனைக்கிறாள். இந்த வயதில்.

ஆகஸ்ட் 13, புதன்

அந்தப் பக்கம் ராணுவம் புகுந்து கட்டடங்களைக் காலி செய்வதாகச் செய்தி. சில இடங்களில் தீ. ஆட்களை வேறு முகாமுக்குக் கடத்திக்கொண்டு போகிறார்களாம். டீவியில் புகை. எந்தக் கூரை என்று தெரியவில்லை.

செண்பகம் அண்ணி வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் இனியாவுக்குத் தலை வாரிவிட்டது. இரண்டு பேரும் ஒரே டீவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒன்பது பேரில் ஏழு பேர் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். பெயர் பட்டியல் நாளைக்குத்தான்.

ஆகஸ்ட் 20, புதன்

பட்டியல் வரவில்லை. அந்த இரண்டு பேர் யார்? ஒருவர் அவராக இருக்கக் கூடாது என்று கும்பிடப் போய், அப்படியானால் வேறு யார் வீட்டுக்காரர் என்று நினைத்ததும் கும்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தெரியாத நம்பர். எடுத்தேன். யாரோ மூச்சு விடுகிற சத்தம். பிறகு, "கொடி."

போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வராத இரண்டு பேர் நைனா முகமதுவும் தியாகுவும்.

செப்டம்பர் 3, புதன்

திருச்சி ஏர்போர்ட்டில் அவரை முதலில் அடையாளம் கண்டது இனியாதான். ஓடிப்போய், பக்கத்தில் போனதும் நின்றுவிட்டாள். அவர் மண்டியிட்டுக் கையை நீட்டினார். அப்போது ஒரு பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார். அதைக் கண்டதும் என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கீழே குனிந்துவிட்டார். நான் குறுக்கே போய் நின்று, "எடுக்காதீங்க" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பஸ்ஸில் இனியா அவர் மடியில் தூங்கிவிட்டாள். கீரனூர் தாண்டியதும் சொன்னேன். வீட்டுக்குப் போனபிறகு என்றால் சொல்லவே மாட்டேன் என்று தெரியும்.

"அண்ணன் படத்துல எடம் தப்பா இருந்துச்சு. மே மாசமே பாத்தேன். உங்ககிட்ட சொல்லல."

ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"அக்கா சொன்னாங்களா?"

"இல்ல. நீ அன்னிக்குச் சமைக்கப் போனப்ப நானும் தெறந்து பாத்தேன்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் ஏறினார்கள்.

"பாத்துட்டு ஏன்..."

"போன் தப்பாக் காட்டுதுன்னு நெனச்சுக்கிட்டேன். உங்க அண்ணன் படம். சொன்னா, போகப் பயந்துகிட்டு சாக்கு சொல்றேன்னு நீ நெனப்பன்னு..." உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டார். "நீயும் பாத்திருப்பன்னு தெரியும். பழக்கம் அப்படி. நீ சொல்லுவன்னு இருந்தேன்."

ஊர் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். விரல் நகம் இரண்டு புதிதாக முளைத்துக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று கடைக்கு வந்தார். யார் முகத்தையும் கேமரா வழியாகப் பார்க்க முடியவில்லை என்கிறார். நான் எடுக்கிறேன், அவர் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்.

நாலு மணிக்கு ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த ஆளுக்கு விசாவுக்குப் படம் வேண்டும். நாற்பது வயது இருக்கும், புதுச் சட்டை. வெளிநாட்டில் டிரைவர் வேலை, கம்பெனி தங்குமிடமெல்லாம் அருமையாக இருக்கிறது என்று அந்தப் பெண் போனில் படம் காட்டினாள்.

கம்ப்யூட்டர் முன்னாலிருந்து அவர் எழுந்து வந்தார். "யாரு அனுப்புன படம்?"

"மச்சினனுக்குத் தெரிஞ்சவரு."

"அஞ்சு நிமிஷம் உக்காருங்க."

"என்ன சார், போட்டோ எடுக்க வந்தா விசாரணை பண்றீங்க?" என்றார் அந்த ஆள்.

என் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணின் போனை வாங்கிக் கேபிளில் மாட்டினார். முதல் தடவை செருகும்போது தவறியது. நான் பிடித்துச் செருகினேன். ஏழு படம் ஏறியது. ஒவ்வொன்றாக விவரங்களைத் திறந்தார். தேதி இல்லை, இடம் இல்லை, ஒன்றும் இல்லை. பல கை மாறி வந்த படங்கள். திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது எங்க எடுத்ததுன்னு இதுல இல்ல. நல்ல எடமாவும் இருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியலங்கறதச் சொல்லிடறேன். அங்க இருக்கறவர ஒரு படம் எடுத்து டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க. இங்க கொண்டாங்க, நாங்க பாத்துச் சொல்றோம்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாங்க. நீங்க போட்டோவ எடுங்க" என்று அந்த ஆள் ஸ்டூலில் போய் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரி செய்தார். நான் விளக்குகளைப் போட்டேன். கேமராவைத் தூக்கினேன்.

அந்தப் பெண் இன்னும் திரையின் முன்னால்தான் நின்றாள். காலிக் கட்டங்களைப் பார்த்தாள். என் வீட்டுக்காரருடைய உடைந்த பல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்குப் போட்டோ வேணாம்" என்றாள்.

"ஏய், என்னடி?"

"எனக்குப் பயமா இருக்கு. படம் வரட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்."

அந்த ஆள் முறைத்தார். அவள் நகரவில்லை. கடைசியில் அந்த ஆள் ஸ்டூலை விட்டு எழுந்தார். இரண்டு பேரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பும்வரை அவள் குரல்தான் மேலே கேட்டது.

நான் விளக்குகளை அணைத்தேன்.